முதலில் தராசு, பிறகு டிரக்டர்

கேள்வி: நுவரெலியா மாவட்டத்தில் ஒரு பிரதேச சபைக்கு 2025 மே தேர்தலில் முதல் தடவையாகத் தெரிவானவள் நான். எங்கள் டவுன் சிறியது. சுற்றிவர விடுதிகள், பழைய பங்களாக்கள், பாடசாலைகள், மரக்கறிப் பாத்திகள், லயங்கள் (தேயிலைத் தொழிலாளரின் வரிசை வீடுகள்) எல்லாம் இருக்கின்றன. வேலி வெட்டினாலும் புல் வெட்டினாலும் அதை ஓடையில் தள்ளுகிறார்கள், இல்லையென்றால் வீதியோரம் குவிக்கிறார்கள். சபையின் குப்பை எடுக்கும் டிரக்டர் வண்டி வீட்டுக் குப்பைக்கே போதவில்லை. இங்கிலாந்தில் இருக்கும் என் அக்கா தோட்டக் கழிவை எடுத்துப்போக வருடாவருடம் கவுன்சிலுக்குத் தனியாகப் பணம் கட்டுகிறாராம். இங்கேயும் அப்படிச் செய்யலாமா? கழிவை உக்க வைத்துக் கூட்டெருவாக (கொம்போஸ்ட்) விற்றால் செலவு முழுவதும் திரும்பிவிடும் என்கிறார் சக உறுப்பினர் ஒருவர். நிதியே இல்லை என்கிறார் செயலாளர். யார் சொல்வது சரி? (பெயர், ஊர் வேண்டாம்.)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. கூட்டெருவில் காசு வரும், ஆனால் செலவை அது மூடாது. நிதி இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் உங்கள் பகுதியில் யார் வளவிலிருந்து எத்தனை கிலோ பச்சைக் கழிவு வருகிறது என்று சபையில் யாருக்காவது தெரியுமா? அது தெரியாதவரை நிதி இருக்கிறதா இல்லையா என்று பேசுவதில் பயனில்லை. வருமானப் பரிசோதகராகத் தொடங்கி, 27 வருடம் உள்ளூராட்சியில் வேலை பார்த்து, செயலாளராக ஓய்வுபெற்றவன் நான். இந்தக் கணக்கை எடுக்காமல் தொடங்கிய ஒரு திட்டம் என் கண் முன்னாலேயே நின்றுபோனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல். சபைக் கூட்டத்தில் 'தோட்டக் கழிவு' என்று பேசாதீர்கள். உங்கள் அக்காவின் ஊரில் தோட்டம் என்றால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரை. நமக்குத் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். 'தோட்டக் கழிவுக்குக் கட்டணம்' என்று தீர்மானம் வந்தால், லயத்தில் இருப்பவர்களிடம் காசு கேட்கப்போகிறார்கள் என்றுதான் அடுத்த நாள் ஊர் பேசும். 'பச்சைக் கழிவு' என்று எழுதுங்கள்.

இது வெறும் சொல் விவகாரம் அல்ல. தேயிலை மலையில் பச்சைக் கழிவு கழிவாக வெளியே வருவதே அபூர்வம். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினால் மிலாறு, அதாவது வெட்டிய கிளை, விறகுக்கு வீட்டுக்குப் போகிறது, இலையும் சிறு குச்சியும் மலையிலேயே கிடந்து மண்ணோடு சேர்கிறது. லயத்துக்குப் பக்கத்தில் மரக்கறி போட்டிருப்பவர் மீந்த இலையை ஆட்டுக்கோ மாட்டுக்கோ போட்டுவிடுவார். ஓடையில் கிடக்கும் சைப்ரஸ் வேலிக் கிளையும் புல் மூட்டையும் அங்கிருந்து வந்தவையாக இருக்காது. பெரும்பாலும் விடுதி, பங்களா, அரச விடுதி, பாடசாலை மைதானம், அப்புறம் மரக்கறி மொத்த வியாபாரம் நடக்கும் இடம். கட்டணம் வைப்பதானால் அங்கேதான் வைக்க வேண்டும்.

உங்கள் அக்காவின் ஊர்க் கதையைச் சரியாகப் பார்ப்போம். இங்கிலாந்தில் சாதாரண வீட்டுக் குப்பையை கவுன்சில் தனிக் கட்டணம் இல்லாமல் எடுக்க வேண்டும். தோட்டக் கழிவை மட்டும் கட்டணத்துக்கு எடுக்க சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் பல கவுன்சில்கள் வருடச் சந்தா வாங்கிக்கொண்டு, 240 லீட்டர் அளவான சக்கரத் தொட்டியை இரண்டு கிழமைக்கு ஒருமுறை காலி செய்கின்றன. குளிர்காலத்தில் புல் வளராது என்பதால் சில இடங்களில் இடையில் நிறுத்தியும் வைக்கிறார்கள். சந்தா கட்ட விரும்பாதவர் வீட்டிலேயே உக்க வைக்கலாம், அல்லது கவுன்சிலின் கழிவு நிலையத்துக்குத் தானே கொண்டுபோய்ப் போடலாம். கட்டணத்தைவிட நாம் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். காசு கட்டாதவருக்கும் நேர்மையான வழி ஒன்று திறந்திருக்கிறது. அந்த வழி இல்லாமல் கட்டணம் மட்டும் வைத்தால், காசு கட்ட மனமில்லாதவருக்கு ஓடைதான் மிச்சம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. நமக்குப் புல் வருடம் முழுவதும் வளர்கிறது. ஆனால் கழிவு சமமாக வருவதில்லை. ஏப்ரல் சீசனுக்கு விருந்தாளிகள் வருமுன் மார்ச்சில் எல்லா பங்களாவும் வேலி வெட்டும். கோயில் திருவிழா முடிந்த மறுநாள் வாழை மரமும் தென்னோலைத் தோரணமும் குவியும். பாடசாலைத் தவணை தொடங்கும் கிழமையில் சிரமதானம். வருடத்துக்கு ஒரே மாதிரியான ஓட்டம் வைத்தால் மார்ச்சில் டிரக்டர் திணறும், ஜூலையில் பாதி காலியாக ஓடும்.

ஆகவே தராசு. ஒரு முழு மாதம், முடிந்தால் மார்ச்சும் இன்னொரு மாதமும், பச்சைக் கழிவு வரும் ஒவ்வொரு இடத்தையும் எழுதி எடுங்கள். மரக்கறிக் கடைகளில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்றே போதும். ஒரு கொப்பியில் திகதி, இடம், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, என்ன கழிவு என்று ஐந்து கோடு. என்ன கழிவு என்பதை விட்டுவிடாதீர்கள். புல்லும் லீக்ஸ் இலையும் கோவா வெளி இலையும் ஈரமானவை, சீக்கிரம் அழுகும், நாறும். சைப்ரஸ், பைனஸ் ஊசியிலைகளும் டர்பன்டைன் மர இலையும் காய்ந்தவை, உக்க மாதக்கணக்கில் எடுக்கும். தடித்த கிளை வேறு விஷயம், அதை வெட்டித்தர ஓர் இயந்திரம் வேண்டும். மூன்றுக்கும் செலவு வேறு வேறு.

இந்த மாதக் கணக்கு ஓடும்போதே நீங்கள் கவனிப்பீர்கள்: ஏறக்குறைய பத்துப் பதினைந்து இடங்கள்தான் பெரும் பங்கைத் தருகின்றன. அவர்களைச் சந்தித்துப் பேசுவது, ஐந்நூறு வீட்டுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுப்பதைவிடப் பலன் தரும். களைநாசினி அடிக்காத புல் என்றால், மாடு வளர்ப்பவர் யாராவது தானே வந்து எடுத்துக்கொள்வார். அப்படிப் போகும் புல்லுக்கு சபை ஒரு சதம்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. களைநாசினி அடித்த புல்லை மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது, கூட்டெருவிலும் போடக் கூடாது. கணக்கெடுக்கும்போதே அதைக் கேட்டு எழுதுங்கள்.

இனி பணம். ஓர் உதாரணக் கணக்கு போடுகிறேன். எல்லாம் நான் எடுத்துக்கொண்ட எண்கள், உங்கள் சபையின் எண்களைப் போட்டுத் திரும்பக் கணக்குப் பாருங்கள். கிழமைக்கு இரண்டு நாள் டிரக்டர் பச்சைக் கழிவுக்கென்றே ஓடுகிறது என்று வைப்போம். ஒரு நாளுக்கு சாரதி, இரண்டு தொழிலாளர் சம்பளம் 10,000 ரூபாய், டீசல் 6,000, டயர், பழுதுக்கு ஒதுக்கீடு 2,500, கையுறை, சாக்கு 500. மொத்தம் 19,000. வருடத்தில் 104 நாளுக்கு 19 இலட்சத்து 76 ஆயிரம். கூட்டெரு முற்றத்தில் இரண்டு பேர் நிரந்தரமாக வேண்டும். மாதம் 55,000 வீதம் இருவருக்கும் வருடத்துக்கு 13 இலட்சத்து 20 ஆயிரம். கிளை வெட்டும் இயந்திரம், தண்ணீர், கூரைப் பழுது எல்லாவற்றுக்கும் 3 இலட்சம். ஆக ஏறக்குறைய 36 இலட்சம்.

இப்போது உங்கள் சக உறுப்பினரின் கூட்டெருவைப் பார்ப்போம். நாளுக்கு மூன்று லோடு, லோடுக்கு 300 கிலோ என்றால் வருடத்தில் 93 தொன்னுக்குக் கொஞ்சம் மேல். உக்கும்போது தண்ணீரும் காற்றுமாகப் போய், மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும் என்று வைத்தால் 31 தொன். கிலோ 20 ரூபாய்க்கு முழுவதும் விற்றாலும் 6 இலட்சத்து 20 ஆயிரம்தான். செலவில் ஆறில் ஒரு பங்கு. அதுவும் முழுவதும் விற்றால். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது கூட்டெருவுக்கு எல்லோரும் ஓடினார்கள், அதே வருடம் நவம்பரில் தடை நீங்கியதும் அந்த அவசரம் போய்விட்டது. அப்படி ஒரு காலத்தின் விலையை வைத்துப் பாதீடு எழுத முடியாது. பலாங்கொடை நகர சபையின் கூட்டெரு நிலையம் நல்ல பெயர் எடுத்தது உண்மை, போய்ப் பார்த்து வாருங்கள். பார்க்கும்போது விற்பனையை மட்டும் கேட்காமல், தரத்தைச் சோதிக்க என்ன செய்கிறார்கள், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், சம்பளம் எந்தத் தலைப்பில் போகிறது என்றும் கேளுங்கள்.

மீதி ஏறக்குறைய 30 இலட்சம் எங்கிருந்து? விடுதிகள், பங்களாக்கள், மொத்த வியாபாரிகள் என்று 60 இடங்கள் மாதம் 2,000 ரூபாய் சந்தா கட்டினால் 14 இலட்சத்து 40 ஆயிரம். வீடுகளுக்குச் சந்தா வேண்டாம், சாக்கு வேண்டும். சபை முத்திரை அடித்த சாக்கை 100 ரூபாய்க்கு விற்கலாம். அந்தச் சாக்கில் கட்டி வைத்தால் டிரக்டர் எடுக்கும். 400 வீடுகள் மாதம் இரண்டு சாக்கு வாங்கினால் வருடத்துக்கு 9 இலட்சத்து 60 ஆயிரம். மாதத்தில் ஒரு சாக்குக்கூட வராத வீட்டுக்கு ஒரு செலவும் இல்லை. சாக்கு வாங்க வசதியில்லாதவர் கூட்டெரு முற்றத்துக்குத் தானே கொண்டுவந்தால் இலவசம். முன்பு சொன்ன திறந்த வழி இதுதான்.

அப்படியும் 5¾ இலட்சம் குறைகிறது. அதை சபையின் பொது வருமானத்திலிருந்து போடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். பச்சைக் கழிவு பிரிந்து போனால் வீட்டுக் குப்பை லோடு குறைகிறது, குப்பை மேட்டுக்கு ஓடும் தடவை குறைகிறது, ஓடையில் அடைபட்ட கிளையை அகற்ற பெக்கோ இயந்திரம் வாடகைக்கு எடுக்கும் செலவு குறைகிறது. இந்த மிச்சம் எந்த ரசீதிலும் வராது. அதனால்தான் கணக்காளர்கள் அதைப் பார்ப்பதில்லை. பழைய வருடத்தின் டீசல் பதிவேட்டை எடுத்து, மாற்றத்துக்குப் பின் மூன்று மாதப் பதிவேட்டோடு பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

பொது வருமானம் என்றால் எங்கே இருக்கிறது என்று செயலாளர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆதன வரி கட்டடங்கள் நெருங்கிய பகுதிக்குத்தான், பெரும் தோட்டங்களிலிருந்து வரும் ஏக்கர் வரி பெயரளவுக்குத்தான். சபையின் பரப்பில் பாதிக்கு மேல் தேயிலையாக இருந்தால் வருமானம் அந்த ஒரு சிறிய டவுனிலிருந்தே வர வேண்டும். நிலுவை ஆதன வரியின் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். பெரிய நிலுவைகள் பல இடங்களில் விடுதிகளிடமும் வியாபார நிலையங்களிடமும்தான் கிடக்கும். பச்சைக் கழிவுச் சந்தாப் படிவத்தை ஜனவரி ஆதன வரிப் பத்திரத்தோடு சேர்த்து அனுப்புங்கள். முழு வருட வரியையும் ஜனவரி 31 க்குள் கட்டினால் 10 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும் என்பதால் அந்த மாதம்தான் கவுண்டரில் ஆட்கள் நிற்பார்கள்.

சட்டத்தில் உங்களுக்குப் பெரிய தடை இல்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93, 94, 95 ஆம் பிரிவுகளைப் படியுங்கள். கழிவை அகற்றுவது சபையின் கடமை, சேகரித்த கழிவு சபையின் சொத்து, அதை விற்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. கட்டணத்தைத் தீர்மானமாக நிறைவேற்றி வர்த்தமானியில் போடுங்கள். ஓடையில் கொட்டுபவருக்குத் தண்டம் விதிக்க உபவிதி வேண்டும், அது மாகாண மட்டத்தில் அங்கீகாரம் பெற்று வர நாளாகும், ஆகவே இப்போதே தொடங்குங்கள். தோட்டக் குடியிருப்புகளுக்கு சபை நிதியைச் செலவழிக்க முன்பு சட்டத்தில் இருந்த தடை 2018 இல் திருத்தப்பட்டது. லயங்களுக்குப் பக்கத்தில் ஒரு கழிவு சேர்க்கும் இடம் அமைக்க வேண்டும் என்றால், 'சட்டம் விடாது' என்ற பழைய பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இப்போது நான் சொல்வதாகச் சொன்ன கதை. நான் வேலை செய்த ஒரு சபையில் திட்ட நிதியொன்றில் கூட்டெரு முற்றம் கட்டினோம். அழகான சீமெந்துத் தரை, கூரை, பெயர்ப்பலகை. திறப்பு விழா நடந்தது. கட்டப் பணம் இருந்தது, புரட்டப் பணம் இல்லை. குவியலைப் புரட்ட நியமித்த இரண்டு பேரும் வீதி கூட்டும் வேலைக்கு இழுக்கப்பட்டார்கள். கூரையைத் தரைக்குச் சரியான அளவில் போடவில்லை, தென்மேல் பருவக்காற்று வந்ததும் சாரல் மூன்று பக்கமும் அடித்தது. குவியல் நனைந்து, காற்றுப் போகாமல் அழுகி, கறுப்புத் தண்ணீர் கீழே இருந்த வீடுகள் தண்ணீர் எடுக்கும் பீலியில் இறங்கியது. கீழ் வீட்டு மக்கள் முறையிட்டார்கள், அவர்கள் முறையிட்டது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு மழைக்காலத்தில் முற்றம் மூடப்பட்டது. அந்தத் திட்டத்தின் பாதீட்டில் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். புரட்டும் கூலி எங்கே என்று அன்று கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே முற்றம் அமைக்கும்போது உங்கள் மலைச்சரிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். ஹட்டன், மஸ்கெலியா பக்கமென்றால் மே முதல் செப்டெம்பர் வரை மழை. ஊவாவைப் பார்த்த சரிவென்றால் வருடக் கடைசியில் மழை. கூரை தரையைவிட எல்லாப் பக்கமும் அகலமாக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். கறுப்புத் தண்ணீரைப் பிடிக்கக் குழி வேண்டும், அந்தத் தண்ணீரைக் குவியலிலேயே திரும்ப ஊற்றலாம். உயரமான இடத்தில் குளிரால் உக்குவது மெதுவாகும், அதனால் சின்னச் சின்னக் குவியலாக வைக்காமல் ஆள் மார்பளவு உயரத்துக்குக் குவியுங்கள். ஈரக் கழிவு ஒரு கூடைக்குக் காய்ந்தது இரண்டு மூன்று கூடை கலந்தால் சூடேறும். உள்ளே 55 பாகைக்கு மேல் பல நாள் நிற்க வேண்டும், ஒவ்வொரு முறை புரட்டிய பிறகும் திரும்ப ஏற வேண்டும். அப்போதுதான் களை விதையும் நோயும் சாகும். வெப்பமானி இல்லையென்றால் இரும்புக் கம்பியைக் குத்திப் பத்து நிமிடம் வைத்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள், கையால் பிடித்துக்கொண்டிருக்க முடியாத அளவு சுட வேண்டும். வேர் வீங்கிய கோவாவையும் நோய் வந்த உருளைக்கிழங்குச் செடியையும் எந்தக் காரணத்துக்கும் குவியலில் சேர்க்காதீர்கள். சூடேறாத மூலையில் அது தப்பினால், சபையே நோயை மூட்டை கட்டி ஒவ்வொரு பாத்திக்கும் விற்றதாகிவிடும். மரக்கறி செய்பவர்கள் அதற்குப் பிறகு உங்கள் கூட்டெருவைத் தொடவே மாட்டார்கள்.

இந்த வேலையைச் செய்யப்போகிறவர்களைப் பற்றி ஒரு சொல்லாவது சொல்லாமல் இருக்க முடியாது. சபைகளில் குப்பை எடுக்கும் தொழிலாளர் பலர் அமைய அடிப்படையில், அதாவது நிரந்தர நியமனம் இல்லாமல், வருடக்கணக்காக வேலை செய்கிறார்கள். பச்சைக் கழிவு சுத்தமானது என்று நினைத்துக் கையுறை கொடுக்காமல் விடுவார்கள். ஒரு தடவை வேலி வெட்டிய மூட்டைக்குள் இருந்த உடைந்த போத்தல் ஒரு தொழிலாளியின் உள்ளங்கையைக் கிழித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆறு தையல். அந்தக் கிழமை முழுவதும் அவருக்குச் சம்பளம் இல்லை. உங்கள் பாதீட்டில் கையுறை, சப்பாத்து, மழைக்கோட்டு, தடுப்பூசி இவற்றுக்குத் தனித் தலைப்பு வையுங்கள். அந்தத் தலைப்பை யாரும் வெட்ட விடாதீர்கள். சாக்குக்குள் கண்ணாடியோ பொலித்தீனோ இருந்தால் அதை எடுக்காமல் அப்படியே விட்டுவரும் அதிகாரத்தையும் தொழிலாளிக்கே கொடுங்கள். மறுநாள் வீட்டுக்காரர் சபைக்குத் தொலைபேசி எடுத்துத் திட்டினால், உறுப்பினர் என்ற முறையில் நீங்கள் தொழிலாளியின் பக்கம் நிற்க வேண்டும்.

ஓடையை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். உண்மையில் இவ்வளவு அவசரமாக எழுதுவதே அதனால்தான். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழை மலையகத்தை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய வேலியை வீதியோர வடிகானில் தள்ளினால் மதகு அடைபடுகிறது. அடைபட்ட தண்ணீர் வீதியை விட்டுச் சரிவுக்குள் இறங்குகிறது. சரிவுக்கு மேல் குவித்த ஈரப் புல்லும் தன் பாரத்தை மண்ணில் ஏற்றுகிறது. கீழே பெரும்பாலும் லயமோ சின்ன வீடோதான் இருக்கும். மேலே வேலி வெட்டியவர் வேறு ஆள். அதனால் கணக்கெடுக்கும் அதே மாதத்தில், கிராம உத்தியோகத்தரோடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடும் நடந்து, எந்தெந்த மதகில் எதைக் கொட்டுகிறார்கள் என்று படம் எடுத்து வையுங்கள். முதல் சந்தாப் படிவம் அந்த மதகுகளுக்கு மேலே இருக்கும் வளவுகளுக்குப் போகட்டும்.

அடுத்த பாதீடு வருடக் கடைசியில் சபைக்கு வரும். அதற்கு முன் இரண்டு மாதக் கணக்காவது கையில் இருந்தால், ஒரே ஒரு டிரக்டரின் இரண்டு நாளை மட்டும் கேளுங்கள், புது வாகனம் கேட்காதீர்கள். கணக்கெடுத்த கொப்பியின் பக்கங்களைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினால் கட்டணத்தை உங்கள் எண்களோடு உட்கார்ந்து போட்டுத் தருகிறேன்.